பறிக்காத செடி, பறித்த செடி

எனக்குச் சீனம் படிக்கும் பாக்கியம் ஐம்பத்தோராவது வயதில் கிடைத்தது. நான் கேட்டு வாங்கியதல்ல. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் நான் மின்பழுது பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சீனாவிலிருந்து ஒரு பெரிய எந்திரம் வந்து இறங்கியது. ஒரு முனையில் காகிதச் சுருளை மாட்டினால், அது சூடான உருளைகளுக்கு நடுவே நெளிந்து, பசை பூசிக்கொண்டு, மறுமுனையில் கெட்டி அட்டையாக வெளியே வரும். நல்ல எந்திரம்தான். ஆனால் அதன் முகப்புப் பலகையில் இருந்த பொத்தான், திரை, எச்சரிக்கை எல்லாமே சீனத்தில் இருந்தன. மொழியை மாற்றித் தரும் மென்பொருள் அடுத்த மாதம் வந்துவிடும் என்றார்கள். அந்த அடுத்த மாதம் இன்னும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

எந்திரத்தோடு கூடவே ஒரு சீனப் பொறியாளரும் வந்திருந்தார். மூன்று மாதம் இருந்து நமக்குப் பழக்கிவிட்டுப் போய்விடுவார். அதற்குள் பலகையில் உள்ள தொண்ணூறு சொற்களை நாங்கள் படித்துவிட வேண்டும். கைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். எங்கள் ஆலையில் கைபேசியை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் முதலில் படித்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றார். காரணம், நான் பதினாறு வருடம் சவூதியில் இருந்தவன், அரபி பேசுவேன். அரபி தெரிந்த மேலப்பாளையத்து பாய்க்குச் சீனம் எம்மாத்திரம் என்பது அவருடைய எண்ணம். எனக்கும் கொஞ்சம் தலை வீங்கத்தான் செய்தது. சின்ன வயதில் ஓதப் போனபோது, ஒரே வளைவுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ஓர் எழுத்து, மேலே இரண்டு வைத்தால் வேறு எழுத்து என்று கண்ணை உருட்டி உருட்டிப் படித்தவன் நான். எழுத்துக்கு எழுத்து உள்ள நூலிழை வித்தியாசம் எல்லாம் நமக்குப் புதிதா என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாளில் சீனம் எனக்குத் தண்ணி காட்டிவிட்டது. அரபியில் இருபத்தெட்டு எழுத்தைப் பிடித்துவிட்டால் போதும். இங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரு தனி ஆள். போதாக்குறைக்கு அதில் பாதிப் பேர் அண்ணன் தம்பிகள். நான் ஒரு நோட்டு வாங்கி, ஒன்றுபோல இருப்பதையெல்லாம் ஜோடி ஜோடியாக எழுதினேன். 人 என்றால் ஆள், 入 என்றால் நுழைவது. 未 என்றால் இன்னும் ஆகவில்லை, 末 என்றால் கடைசி. 左 இடது, 右 வலது. ராகம் போட்டு வாய்விட்டுப் படித்தேன். இருபது தடவை எழுதினேன். காலையில் கம்பெனி பஸ் ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் கலந்து குழம்பாகிவிடும். நோட்டில் ஜோடியைச் சரியாகச் சொல்வேன். பலகைக்கு முன்னால் ஒற்றையாக ஒன்றைப் பார்த்தால் அது அண்ணனா தம்பியா என்று தெரியாது. என் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை எழுதும் நேரத்துக்கு ஒரு குர்ஆனையே எழுதி முடித்திருக்கலாம் என்றாள்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலை காகிதம் உள்ளே மடிந்து சிக்கிக்கொண்டது. சீனப் பொறியாளர் பின்பக்கம் இருந்தார். நான் பலகைக்கு முன்னால் நின்று விரலை நீட்டி, இதுவா அதுவா என்று காற்றில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் சாதாரணமாகச் சொன்னது.

“அது இல்ல அண்ணாச்சி. அதுக்குக் கீழ உள்ளத அமுக்குங்க.”

அமுக்கினேன். எந்திரம் நின்றது. திரும்பிப் பார்த்தால், கையில் துணியோடு துப்புரவு செய்கிற பெண் நிற்கிறாள்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள். எந்திரத்தைத் துடைப்பது, தரையில் விழும் காகிதத் துண்டைக் கூட்டுவது அவள் வேலை. அதற்கு முன்பு மாஞ்சோலையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட் வேலை நின்று எல்லோரும் மலையை விட்டு இறங்கியபோது அவளும் இறங்கினாள். டவுணுக்கு வெளியே கொடுத்த அடுக்குமாடி வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் கேரளத்தில் வேறொரு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். படிப்பு எட்டாம் வகுப்பு.

இது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டேன். தினமும் இந்தப் பலகையைத் துடைக்கிறேனே, சீனாக்காரர் எதை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்றாள். எனக்கு முகம் சுருங்கியது. நானும்தான் தினமும் பார்த்தேன். எனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

சாப்பாட்டு இடைவேளையில் வெட்கத்தை விட்டுவிட்டு அவளிடமே போய்க் கேட்டேன். அவள் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு, ஒரு அட்டைத் துண்டை எடுத்தாள். 关 என்று எழுதினாள். நிறுத்தும் பொத்தானில் இருக்கும் எழுத்து அது. மேலே இரண்டு கோடு இருக்கிறதே, அவை இரண்டு கை என்றாள். கீழே காலை அகட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். மலைக்கு ஏறும் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் இரண்டு கையையும் தூக்கி நிறுத்துவார், அவர்தான் இவர். பக்கத்தில் 开 எழுதினாள். அது ஓட்டும் பொத்தான். கையைத் தூக்கிக்கொண்டு யாரும் இல்லை, வெறும் வாசல் திறந்து கிடக்கிறது, பஸ் போகலாம். அவ்வளவுதான் விஷயம். பதினைந்து நாள் நான் முட்டிக்கொண்ட சுவரில் அவள் கதவு வைத்துவிட்டாள்.

நான் அசந்து போனேன். மறைக்க ஒன்றுமில்லை, அப்படியே அசந்து போனேன். தொண்ணூறு சொல்லையும் பொருளோடு அச்சடித்து எங்களுக்குக் கொடுத்திருந்த தாளை நகல் எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு மூன்று சொல்லோடு வருவாள். ஆளும் நுழைவதும் எனக்கு ஒட்டிப் பிறந்த சனியன்களாக இருந்தன அல்லவா? அவளுக்கு 人 நேராக நிற்கிற ஆள். 入 தலையைக் குனிந்த ஆள். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் நிலைப்படி உயரம் குறைவு, குனியாமல் உள்ளே போனால் நெற்றியில் வாங்கும். ஆகவே குனிந்தவர் நுழைகிறார். 右 என்ற எழுத்தின் அடியில் வாய் மாதிரி ஒரு கட்டம் இருக்கிறது. வாய்க்குப் போவது சோத்தாங்கை. அதனால் அது வலது. இதைச் சொல்லும்போது வலது கையைக் குவித்து வாய்வரை கொண்டுபோய்க் காட்டினாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் வலது பக்க உருளையைத் தொடும்போதெல்லாம் என் கை தானாக ஒரு கவளம் எடுக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 未, 末 இரண்டும்தான். இரண்டும் மரம் மாதிரி. குறுக்கே இரண்டு கோடு. ஒன்றில் மேல்கோடு சின்னது, மற்றதில் மேல்கோடு பெரியது. இதை நினைவில் வைப்பது எப்படி என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவள் பார்த்த உடனே சிரித்துவிட்டாள்.

“இது தேயிலைச் செடில்லா அண்ணாச்சி. உச்சியில சின்னதா கொழுந்து நீட்டிக்கிட்டு நிக்கி பாருங்க, இது இன்னும் பறிக்கல. இந்தச் செடி மேல தட்டையா விரிஞ்சு கெடக்கு. பறிச்சு முடிஞ்சுது.”

சொல்லிக்கொண்டே இடுப்பு உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து, மேசை துடைப்பது போல நீளமாக ஒரு இழுப்பு இழுத்தாள். பறித்து முடிந்த செடிகளின் மேல்பரப்பு அப்படிச் சமமாக இருக்குமாம். நான் மாஞ்சோலைக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அப்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அவளோ பதினேழு வருடம் அந்தச் செடிகளின் உச்சியையே பார்த்து நின்றவள். கோடு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை.

இன்னொன்றையும் அவளிடம்தான் படித்தேன். என்னுடைய ஜோடி நோட்டைப் பார்த்துவிட்டு, இப்படிப் படித்தால் ஆயுசுக்கும் குழப்பம்தான் என்றாள். ஒன்றுபோல இருக்கும் இரண்டு பேரை ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. முதலில் ஒருத்தர் வரட்டும். வந்து, பேசி, பழகி, நம் வீட்டு ஆள் மாதிரி ஆகட்டும். பத்து நாள் கழித்து மற்றவரைக் கூப்பிடலாம். அப்போது புது ஆள் முகத்திலேயே புது ஆள் என்று தெரியும். சவூதியில் கம்பெனி செலவில் இரண்டு பயிற்சிக்குப் போனவன் நான். இத்தனை தெளிவாக யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை.

அவளுடைய யுக்திகளையெல்லாம் நான் என் கையெழுத்தில் இரண்டு தாளில் எழுதி, படமும் வரைந்து, ஷிப்டில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் கொடுத்தேன். மூவரும் ஐ.டி.ஐ. முடித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஒரே வாரத்தில் பலகையைக் கடகடவென்று படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்னால் மேனேஜர் வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பாய், பிரமாதம், எங்கிருந்து பிடித்தீர்கள் இதையெல்லாம் என்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார்.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லவில்லை. “ஏதோ நம்மால முடிஞ்சது சார்” என்றேன். அடக்கமாகவேறு சொன்னேன். அந்த அடக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் அதிகமாகக் கூசுகிறது.

அதற்குப் பிறகு வந்தது நிஜமான சிக்கல். சீனப் பொறியாளர் போனபின் பலகையில் நிற்க இரண்டு ஆபரேட்டர்கள் வேண்டும், பலகையைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் தேர்வுக்கு வரலாம், பெயர்களைப் பாயிடம் கொடுங்கள் என்று மேனேஜர் அறிவித்தார். அன்று மாலையே அவள் என்னிடம் வந்தாள். துப்புரவு ஒப்பந்தம் மாதக் கடைசியோடு வேறு ஆளுக்கு மாறுகிறது, புதியவர் தன்னுடைய ஆட்களைக் கொண்டு வருகிறார். இந்த இடம் கிடைக்காவிட்டால் புருஷன் இருக்கும் எஸ்டேட்டுக்கே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பறிக்கப் போக வேண்டியதுதான். பிள்ளைகள் இப்போதுதான் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கால் ஊன்றியிருக்கிறார்கள். பெரியவள் பத்தாம் வகுப்பு. அங்கே போனால் மலையாளத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். “எம் பேரையும் எழுதிருங்க அண்ணாச்சி” என்றாள்.

பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? கூட்டுகிற பெண்ணின் பெயரை எழுதினால் இவளுக்குச் சீனம் எப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்பார். கேட்டால் அந்தத் தாளின் கதை வெளியே வரும். அதற்குப் பயந்து அந்த ஐ.டி.ஐ. பையன்கள் மூவரின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்பந்த ஆட்களை எடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று அவளிடம் ஒரு பொய்யும் சொன்னேன். ஐந்து வேளை தொழுகிறவன் நான். அந்த நாட்களில் பள்ளிவாசலில் நின்றால் வாய் ஓதும், நெஞ்சு ஓதாது.

தேர்வு நாள் வந்தது. எந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். சீனப் பொறியாளர் ஒரு குச்சியால் பலகையில் ஒவ்வொன்றாகத் தொட, மூவரும் மாறி மாறிப் பொருள் சொல்ல வேண்டும். அன்றைக்கு மட்டும் மேனேஜர் கையில் மொழிபெயர்க்கும் கைபேசி இருந்தது. முதல் ஆள் வலது என்று சொல்லும்போது அவன் கை வாய்க்குப் போனது. அடுத்தவனும் அப்படியே. நிறுத்து என்ற சொல்லுக்கு மூன்றாமவன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். சீனர் சிரிக்கத் தொடங்கினார். அடுத்து 末 எழுத்தைத் தொட்டார். பையன்களில் ஒருவன், “பறிச்சு முடிஞ்ச செடி, கடைசி” என்று சொல்லி, இடுப்பு உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து இழுத்தான்.

சீனர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேனேஜரிடமிருந்து கைபேசியை வாங்கி ஏதோ பேசினார். அது தன் தகரக் குரலில் தமிழில் சொன்னது. அவருடைய தாயார் தேயிலை பறிக்கிறவர், இந்தக் கை அவர் தாயாரின் கை, இதை எழுதியவர் எங்கே தேயிலை பறித்தார் என்று கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், சின்ன வயதில் கொஞ்ச நாள் பறித்தேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் அம்மாவைச் சொல்லிவிட்டார். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“நான் பறிச்சதில்ல சார். பறிச்சவ அந்தா நிக்கா” என்று கையைக் காட்டினேன். எந்திரத்தின் மறுமுனையில் அவள் உருளைக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். தாளில் இருப்பது முழுக்க அவள் சொன்னது என்றும், தேர்வுக்குப் பெயர் கேட்டாள், நான்தான் எழுதவில்லை என்றும் சேர்த்தே சொல்லிவிட்டேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம்.

அவளைக் கூப்பிட்டார்கள். துடைக்கும் துணி தோளிலேயே கிடந்தது. சீனரின் குச்சி எங்கெங்கோ தாவியது. வரிசையாகக் கேட்டார், தலைகீழாகக் கேட்டார், ஒன்றுபோல இருப்பவற்றை மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் ஒன்றைக்கூட விடவில்லை. குரலும் உயரவில்லை. நானோ ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குள் ஓர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் பலகையின் பக்கவாட்டில் இருந்த ஒரு மூடியைத் திறந்து, எங்கள் தாளிலேயே இல்லாத ஒரு சொல்லைத் தொட்டார். முதலில் மற்ற மூவரையும் கேட்டார். ஒருவன் சூடு என்றான், ஒருவன் வேகம் என்றான், ஒருவன் அழுத்தம் என்றான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிடாம தொட மாட்டேன்.”

கைபேசி இதைச் சீனத்தில் சொன்னதும் அவர் மூடியைச் சாத்திவிட்டார். மேனேஜரிடம் ஏதோ சொன்னார். சுடுகிற உருளைகளுக்கு முன்னால் நிற்க இந்த ஆள் போதும் என்று கைபேசி சொல்லிற்று. மேனேஜர் படிப்பைச் சொன்னார், ஒப்பந்தத்தைச் சொன்னார், மேலிடத்தைச் சொன்னார். சீனர் திரும்பத் திரும்பக் குச்சியால் அவளையே காட்டினார். முடிவில் இரண்டு இடத்தில் ஒன்றுக்கு அவளை மூன்று மாதம் பழகுநர், பிறகு நிரந்தரம் என்று எழுதினார்கள். சாம்பல் நிறச் சட்டை கொடுத்தார்கள். சேலைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது நானே அவளிடம் போய், அந்தத் தாள் என்னுடையது என்று எல்லோரும் நினைக்க விட்டுவிட்டேன், உன் பெயரை மறைத்துவிட்டேன், தப்புதான் தங்கச்சி என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். மேனேஜர் முதுகில் தட்டியபோது அவள் பலகைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாளாம். எல்லாம் காதில் விழுந்ததாம்.

முதுகில் தட்டு வாங்கிய அன்றைக்கே மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில், நான் வழக்கம்போல அவள் முன்னால் போய் உட்கார்ந்ததும், அவள் வழக்கம்போல எனக்கு மூன்று சொல் சொல்லிக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது. அதற்கு அடுத்த நாளும், அடுத்த நாளும் சொல்லிக்கொடுத்தாள். தெரிந்தும் ஏன் கற்றுக்கொடுத்தாய் என்று கேட்டேன்.

“எஸ்டேட்டுல பறிக்க ஆளுக்கு ஒரு நெரைச் செடி. ஒருத்தி நெரை முடிஞ்சிட்டா, சும்மா நிக்க மாட்டோம் அண்ணாச்சி. பக்கத்து நெரையில கை வைப்போம். எல்லாரும் முடிச்சாத்தான கொழுந்த எடை போட எறங்க முடியும்.” தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, “கோவம் இல்லாம இல்ல” என்றும் சொன்னாள்.

பஸ் வந்தது. நான் எழுதிய பட்டியலில் இல்லாத பெயர்க்காரி இப்போது, ஒப்பந்த ஆட்களை ஏற்றாத கம்பெனி பஸ்ஸில் முதல் தடவையாக ஏறினாள். தன் பெயரை எழுதச் சொல்லி அவள் கேட்ட நாளிலிருந்து எண்ணினால், அவளுடைய நிரையில் ஒரு கை வைக்க எனக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது.